உம்லுங்கு என்பவர் யார்?

தென்னாப்பிரிக்க வெள்ளையரை 'உம்லுங்கு' என்று அழைப்பது வசையா அல்லது வெறும் பெயரா என்ற வாக்குவாதம் அந்நாட்டுச் சமூக ஊடகங்களில் ஓயாமல் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. வேலை நிமித்தம் டர்பனில் சில ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. வெள்ளையரை நோக்கி அச்சொல்லைப் பயன்படுத்துவதில் பொருட்படுத்தத்தக்க இழிவு எதையும் நான் காணவில்லை. கறுப்பின மக்கள் அதை ஒருவரையொருவர் நோக்கிச் சொல்லிக்கொள்ளும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

தென்னாப்பிரிக்காவின் ங்குனி என்ற மொழிக்கூட்டத்தில் பெரியவையான சூலுவிலும் சோசாவிலும் ஒரு வெள்ளையரைக் குறிக்க 'உம்லுங்கு' என்றும், பலரைக் குறிக்க 'அபேலுங்கு' என்றும் சொல்வார்கள். நேரில் விளிக்கும்போது முதல் உயிர் கழன்று 'ம்லுங்கு' ஆகிவிடும். தென்னாப்பிரிக்க ஆங்கிலம் கடன் வாங்கியதும் இந்த வடிவத்தைத்தான். கடல் அலை கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் நுரை என்பதே இதன் மூலப்பொருள் என்றும், ஆகவே இது வசைதான் என்றும் ஒரு விளக்கம் இணையத்தில் சுற்றிவருகிறது. அதற்கு உறுதியான மொழியியல் சான்று எதையும் யாரும் காட்டியதில்லை. சொற்பிறப்பு என்ற பெயரில் உலவும் கதைகளுக்குப் பழகிப்போன நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. இலக்கணமும் அந்த விளக்கத்துக்குத் துணை நிற்கவில்லை. மனிதரைக் குறிக்கும் 'உமுந்து', போதகரைக் குறிக்கும் 'உம்ஃபுந்திசி' ஆகியவை எந்தப் பெயர்ச்சொல் வகுப்பைச் சேர்ந்தவையோ, அதே வகுப்பில்தான் உம்லுங்குவும் இருக்கிறது.

கடலோடு இச்சொல்லுக்கு வேறொரு வகையில் உண்மையான உறவு உண்டு. கிழக்குக் கேப் மாகாணத்தின் போண்டோலாந்துக் கடற்கரை பல கப்பல்களை விழுங்கிய இடம். மதராசிலிருந்து புறப்பட்டுத் திருகோணமலையில் தங்கி இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த குரோவனர் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் 1782 ஆகஸ்ட் 4 அன்று அங்கேதான் பாறையில் மோதி உடைந்தது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, கரையேறிய வேற்று நாட்டவர் சிலர் அங்கிருந்த மக்களிடையே மணம் செய்து தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று சோசா மொழி பேசும் கறுப்பின மக்கள். அவர்களது குலத்தின் பெயரே அபேலுங்கு. குலப்பெயர் சொல்லி அழைப்பது மரியாதை என்று கருதப்படும் அந்தச் சமூகத்தில், இக்குலத்துப் பெரியவர் ஒருவரை 'ம்லுங்கு' என்று விளிப்பது அவருடைய முன்னோரை வணங்குவதற்குச் சமம்.

அடுத்து, அதிகாரம். நிறவெறி ஆட்சி மக்களுக்கு இட்ட பெயர்களோடு ஒப்பிட்டால்தான் உம்லுங்குவின் எடை எவ்வளவு குறைவு என்பது விளங்கும். கறுப்பின மக்களை முதலில் 'நேட்டிவ்' என்று குறித்த அரசு, பின்னர் 'பந்து' என்று மாற்றியது. 'அபந்து' என்றால் சூலுவில் மனிதர்கள் என்று பொருள். அதன் தலையை வெட்டி, 1953ஆம் ஆண்டின் பந்துக் கல்விச் சட்டம் போன்றவற்றில், உரிமையற்றவர்களுக்கு ஒட்டும் முத்திரையாக்கினார்கள். 1978இல் கறுப்பின மக்களின் விவகாரங்களைக் கவனித்த அரசுத் துறைக்குப் 'பன்மை உறவுகள்' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். அப்படியானால் நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு 'பன்மை'யா என்று மக்கள் கேலி செய்தார்கள். அடுத்த ஆண்டே பெயர் மறுபடியும் மாறியது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசையான 'காஃபிர்' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு காவலர் மீது அதைத் திரும்பத் திரும்ப வீசிய வெள்ளையினப் பெண்ணுக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. உம்லுங்கு என்ற பெயரை வைத்து எந்த அரசும் யாருடைய நிலத்தையும் பறிக்கவில்லை, யாருக்கும் நடமாட்ட அனுமதிப் புத்தகம் கொடுத்து நகரத்தை விட்டு விரட்டவில்லை. அதையும் காஃபிரையும் ஒரே தராசில் நிறுத்துபவர்களோடு எனக்கு வாதிடப் பொறுமையில்லை.

ஆனால் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒருவரிடம் ஊதியம் பெறுபவர், அவரை 'உம்லுங்கு வாமி', அதாவது 'என்னுடைய வெள்ளைக்காரர்', என்று குறிப்பிடுவார். கொடுப்பவரின் தோல் எந்த நிறமாக இருந்தாலும் சரி. ஒருமுறை டர்பனை அடுத்த உம்ஷ்லாங்காவில் ஒரு வணிக வளாகத்தின் வாகன நிறுத்தத்தில் பார்த்தேன். ஒளிரும் மஞ்சள் மேலங்கி அணிந்து, கிடைக்கும் சில்லறையை நம்பி வாகனங்களைக் காவல் காக்கும் முதியவர் ஒருவர், பெரிய ஜெர்மன் காரைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்த கறுப்பின இளைஞருக்குக் கையசைத்து வழிகாட்டியபடியே 'ம்லுங்கு, ம்லுங்கு' என்று அழைத்தார். இளைஞர் சிரித்துக்கொண்டே கண்ணாடியை இறக்கி ஐந்து ராண்டு நாணயத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் கிண்டல் இருந்தது, பணிவு இருந்தது, கொஞ்சம் முகத்துதியும் இருந்தது. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. 1994இல் ஆட்சி மாறியது. சம்பளம் கொடுப்பவர் என்றால் வெள்ளையர் என்ற சமன்பாடு மட்டும் பேச்சில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இந்தியர்கள் பக்கம் திரும்பினால், பணம் ஒன்றே அளவுகோல் என்றும் முடித்துவிட முடியவில்லை. 1860 நவம்பரில் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டாலில் வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்களுக்குச் சூலுவில் கிடைத்த பெயர் 'அமாகூலா'. ஆங்கிலேயர் வாயிலிருந்த 'கூலி'யின் திரிபு அது. பின்னாளில் சிலர் கடைவைத்து, வீடுகட்டி, வேலைக்கு ஆள் வைத்துக்கொண்ட போதும் அந்தப் பெயர் எளிதில் போகவில்லை. கரும்புத் தோட்டத்திலும் கடையிலும் இந்தியர்களும் சூலுக்களும் தங்களுக்குள் பேசிக்கொண்ட ஃபனகாலோ என்ற கலப்பு மொழியிலும் 'ம்லுங்கு' என்றால் வெள்ளைத்துரைதான். மேலே துரை, கீழே சூலுத் தொழிலாளி, நடுவே நம்மவர் என்று ஆட்சியாளர் அடுக்கிய படிக்கட்டை இந்தப் பெயர்களே காட்டிக்கொடுக்கின்றன. இன்றைக்கு 'அமாண்டியா' என்ற மரியாதையான சொல் இருக்க, கோபம் வந்தால் மட்டும் பழைய சொல் தலைகாட்டுகிறது. டர்பன் தமிழர்களுக்கு அது வலிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட உம்லுங்கு எந்த வெள்ளையருக்கும் வலித்திருக்காது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது பள்ளிப் பிள்ளைகள் விஷயம். முன்பு வெள்ளையருக்கென்று இருந்த பள்ளியில் படித்து, மூக்கொலியோடு ஆங்கிலம் பேசும் கறுப்பினச் சிறுமி விடுமுறைக்குப் பாட்டி ஊருக்குப் போனால், 'இதோ உம்லுங்கு வந்துவிட்டாள்' என்று உறவினர்கள் சீண்டுவார்கள். வெள்ளையரின் மொழிக்கும் வாழ்முறைக்கும் 'இசிலுங்கு' என்று பெயர். பாடம், தேர்வு, வேலை நேர்காணல் எல்லாமே அதற்குள்தான் நடக்கின்றன. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் சூலு பேசுவோர் 24 விழுக்காட்டுக்கு மேல். ஆங்கிலம் பேசுவோர் 9 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அப்படியிருந்தும் பள்ளியிறுதித் தேர்வில் கணக்கு, அறிவியல் வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் வருவதே வழக்கம். பெற்றோர் வயிற்றைக் கட்டி அந்தப் பிள்ளையை அங்கே அனுப்புவது இதனால்தான். அனுப்பிய பிறகு அவளைக் கேலி செய்வது என்ன நியாயம்? 2025இல் நான்காம் வகுப்பிலிருந்து தாய்மொழியையும் சேர்த்துக் கற்பிக்கும் இருமொழித் திட்டத்தை அரசு தொடங்கியிருக்கிறது. அந்த வகுப்புப் பிள்ளைகள் பள்ளியிறுதித் தேர்வுக்கு உட்கார 2033 ஆகிவிடும். அப்போது அவர்கள் கையில் சூலுவில் அச்சிட்ட இயற்பியல் வினாத்தாள் இருந்தால்தான் இத்திட்டத்தை நான் நம்புவேன்.