"ரெண்டு பேரைத் தூக்கில போட்டாத்தான் இந்த நாடு திருந்தும்"

போன ஞாயிறு கொழும்பு வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. டிவியில் இன்னொரு துப்பாக்கிச் சூடு. மோட்டார் சைக்கிளில் ரெண்டு பேர், முகம் மறைத்த ஹெல்மெட், டி-56 துப்பாக்கி. எல்லாம் மனப்பாடமாகிப் போன செய்திதான். சித்தப்பா கணவாய்க் கறியைக் கோப்பையில் விட்டபடி சொன்னதுதான் மேலே தலைப்பில் இருக்கிறது. மேசையில் எல்லாரும் தலையாட்டினார்கள், என்னைத் தவிர. அதோடு தொடங்கிய சண்டையில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியைக் கூட்டாக வன்புணர்ந்து கொன்றதைக் கேள்விப்பட்டபோது, "தூக்கு, வேறொன்றும் வேண்டாம்" என்று இதே முகநூலில் எழுதியவன் நான். அந்தக் கோபம் பிழையென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு மாதம் கழித்துக் கொட்டதெனியாவில் ஐந்து வயதுப் பிள்ளையொன்று கொல்லப்பட்டது. நாடே கயிறு கேட்டது. பொலிஸ் முதலில் ஒரு பள்ளிக்கூடப் பெடியனைப் பிடித்தது. பிறகு இன்னொரு ஆளைப் பிடித்து, அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டார் என்றது. மரபணுச் சோதனை ரெண்டு பேருக்கும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது, "ஒத்துக்கொண்டவரின்" சகோதரனுக்கு. அன்றிரவு என் மே மாதப் பதிவைத் தேடிப் பிடித்து அழித்தேன். வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கையெழுத்து வைத்து வருஷக்கணக்காக உள்ளே கிடந்தவர்களைத் தெரிந்த சனம் நாங்கள். நாங்களே கயிறு கேட்பதுதான் எனக்கு விளங்குதில்லை.

"அதெல்லாம் சரி தம்பி, பயம் வருமா வராதா?" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்வி.

2025 பெப்ரவரி 19 ஞாபகம் இருக்கும். கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றத்துக்குள்ளேயே, பாதாள உலகத் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சட்டத்தரணி உடுப்பில் வந்த ஒருவர் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி வந்தது குடைந்தெடுத்த புத்தகத்துக்குள். எல்லாரும் பாதுகாப்பு ஓட்டையைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு வேறொன்று உறைத்தது. பாதாள உலகத்தில் மரண தண்டனை எப்போதோ அமுலுக்கு வந்துவிட்டது. தவணை கிடையாது, மேன்முறையீடு கிடையாது, கருணை மனுவும் கிடையாது. எதிர்க் கோஷ்டி நாள் குறித்தால் தேத்தண்ணிக் கடையில், சலூன் கதிரையில், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வரும் வழியில் ஆள் முடிந்தான். இதில் இறங்கும் ஒவ்வொரு பெடியனும் தன் கூட்டாளியின் செத்தவீட்டுக்குப் போய் வந்தவன். அப்படியிருந்தும் சுடுவதற்கு ஆள் கிடைக்காமல் போனதாக ஒரு செய்தி உண்டா? வாசலில் நிற்கும் சாவுக்கே அசையாதவன், பத்துப் பதினைந்து வருஷ வழக்குக்குப் பிறகு வந்தாலும் வரக்கூடிய கயிற்றை நினைத்தா கையை மடக்கப் போகிறான்? பிடிபட மாட்டேன், பிடிபட்டாலும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கு. அவன் கணக்கு அவ்வளவுதான்.

2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குள் குண்டோடு போனவன் சாகவென்றே போனவன். இயக்கப் பெடியளின் கழுத்தில் சயனைட் குப்பி தொங்கிய காலத்தைப் பார்த்த நாங்கள், சாவைக் காட்டினால் எல்லாரும் அடங்குவார்கள் என்று எப்படி நம்புகிறோம்?

அந்த ஏப்ரல் கழிந்து ரெண்டே மாதத்தில், போதைப்பொருள் கைதிகள் நாலு பேரின் தூக்குக்கு அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையெழுத்திட்டார். உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அதற்கு முன்பே அலுகோசு வேலைக்கு, அதாவது தூக்கிலிடும் ஆளுக்கு, விளம்பரம் போயிருந்தது. தகுதிகளில் ஒன்று நன்னடத்தை! நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 2014இல் அந்த வேலைக்கு எடுபட்ட ஒருவர் தூக்குமரத்தைப் பார்த்ததுமே வேலையை விட்டுவிட்டுப் போனவர். அந்த மனுசன்மேல் எனக்குத் தனி மரியாதை. 1976 ஜூனுக்குப் பிறகு இங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் குறைவில்லாமல் விழுகிறது.

"சிங்கப்பூரைப் பார்" என்றார் அடுத்ததாக. இந்த வாதத்தில் சிங்கப்பூர் வராமல் இருக்காது. சரி, பார்ப்போம், கூடவே ஹொங்கொங்கையும். அதே மாதிரித் துறைமுக நகரம், அதே பிரித்தானியச் சட்டப் பின்னணி. அங்கே கடைசித் தூக்கு 1966இல், 1993இல் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரோ தொண்ணூறுகளில் ஆட்களை வரிசையாகத் தூக்கிலிட்டது. ரெண்டு நகரத்துக் கொலைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்குத் தூக்கால் வந்த வித்தியாசமென்று ஒன்றும் கிடைக்கவில்லை. ரெண்டு இடத்திலும் குற்றம் செய்தவன் பிடிபடுகிறான், வழக்கு இழுபடுவதில்லை. சித்தப்பாவுக்குப் பிடித்த சிங்கப்பூர் அதுவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிவது கயிறு.

கடைசியாக அவர் கேட்டதுதான் அன்றைக்கு நல்ல கேள்வி. "அப்ப அந்த மிருசுவில் கேஸ்காரனையும் சும்மா விடச் சொல்லுறியோ?"

2000 டிசம்பரில் யாழ்ப்பாணம் மிருசுவிலில் எட்டுத் தமிழர் கொல்லப்பட்டார்கள், ஒரு சின்னப் பிள்ளையும் சேர்த்து. ஒரு இராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை என்று தீர்ப்பு வர 2015 ஆனது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் நாங்கள் ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்தபோது, ஜனாதிபதி கோட்டாபயவின் மன்னிப்பில் அந்த ஆள் வெளியே போனார்.

"அவரைத் தொங்கவிடச் சொல்லி நான் கேட்கேல்லை சித்தப்பா. உள்ளுக்கை வச்சிருக்கச் சொல்லித்தான் கேட்டனான்."

"அதைக்கூடச் செய்ய ஏலாத நாடடா இது."

"அந்த நாட்டின்ரை கையிலயோ கயிற்றைக் குடுக்கச் சொல்லுறியள்?"

அதற்குள் சித்தி பாயாசம் கொண்டுவந்து வைத்தா.