அது அபராதம் அல்ல

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய குடியேற்ற ஒப்பந்தப்படி ஒவ்வொரு உறுப்பு நாடும் தஞ்சம் கோருவோரை ஏற்றே ஆக வேண்டும், மறுத்தால் ஆளுக்கு 20,000 யூரோ அபராதம் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள்.

சட்டத்தில் இருப்பது வேறு. தஞ்சம் கோரி அதிகம் பேர் வந்துசேரும் உறுப்பு நாடுகளுக்கு உதவ மற்ற நாடுகள் பங்களிப்பது கட்டாயம்தான், எந்த வகையில் என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம். ஆட்களை ஏற்கலாம், நிதி தரலாம், அல்லது பணியாளர், கருவிகள் போன்ற உதவிகளை அனுப்பலாம். மூன்றும் சம மதிப்புள்ளவை. ஆக, நிதி தருகிற நாடு சட்டம் அனுமதித்த வழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறது. அதில் தண்டனை எங்கே வந்தது?

அந்த 20,000 காற்றில் முளைத்ததல்ல. ஆண்டுக்குக் குறைந்தது 30,000 இடமாற்றங்கள் (அதாவது அந்நாடுகளிலிருந்து மற்ற நாடுகள் ஏற்கும் ஆட்கள்), 60 கோடி யூரோ நிதி என்று சட்டம் குறிப்பிடுகிறது. வகுத்துப் பாருங்கள், அதே தொகை வரும்.

சரிபார்க்க விரும்புவோர் ஒன்றியத்தின் சட்டத் தளமான யூர்-லெக்ஸில் 2024/1351 என்ற ஒழுங்குவிதியைத் தேடுங்கள். தமிழில் கிடைக்காது, ஆங்கிலத்தில் உண்டு. நீளத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். 56ஆம் பிரிவின் இரண்டாம் பத்தியில் மூன்று வழிகளும் வரிசையாக இருக்கின்றன. தேர்வு நாடுகளின் முழு விருப்பம் என்பது அடுத்த பிரிவில் வருகிறது.

ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அதற்குள் நான் போகவில்லை.