விழுந்து கிடந்தாலும் கோயில்தான்

அந்த வீடியோவை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். செலினுந்தேயில், சிசிலியின் அந்தப் பழைய கிரேக்க நகரத்தில், கல்லுக்குக் கல் தாவி, "இந்த இடிஞ்ச கல்லைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்" என்று சிரிப்பு. எடுத்தது எங்கள் பலேர்மோப் பெடியள். அதுதான் நோகிறது.

இடிந்த கல் இல்லை தம்பி. கோயில். விழுந்து கிடக்கிற கோயில்.

நீங்கள் சப்பாத்தோடு ஏறி நின்றது 'ஜி' கோயில். எந்தக் கடவுளுக்கு என்று உறுதியாகத் தெரியாததால் எழுத்தை வைத்தே சொல்கிறார்கள். கட்டி முடியவே இல்லை. கி.மு. 409இல் வட ஆபிரிக்காவிலிருந்து கார்த்தேஜ் படை வந்து நகரத்தை அழித்தது. இன்றைக்கு அந்தக் குவியலில் நிமிர்ந்து நிற்பது ஒரே ஒரு தூண்.

"நல்லா இருக்கிற கோயிலுக்கு முன்னால் மரியாதையாகத்தானே படம் எடுத்தோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நீங்கள் சொல்லும் அந்த 'ஈ' கோயிலும் விழுந்து கிடந்ததுதான். 1950களின் கடைசியில் தூக்கி நிறுத்தினார்கள். அதற்கு முதல் வந்திருந்தால் அதிலும் ஏறியிருப்பீர்கள், இல்லையா?

அப்பா ஊரில் மேசன். இங்கே வந்திருந்தபோது, செலினுந்தேக்குக் கல் போன குசா குவாரிக்குக் கூட்டிப்போனேன். ஆளை விடப் பெரிய தூண் கற்கள், அடிப்பாறையை விட்டுப் பிரியாமல் அப்படியே நிற்கின்றன. சுற்றிவர ஓர் ஆள் நின்று கொத்தும் அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள். அப்பா அதற்குள் இறங்கி உளிக்கோடுகளை விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். "இதோட விட்டிட்டு ஓடியிருக்கிறாங்கள்." படை வந்த கதையை நான் அதுவரை அவருக்குச் சொல்லவில்லை.

உன் அப்பாவும் இறங்கினார்தானே என்று கேட்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினார்.

வேறு ஆட்களின் சாமிக்கு ஏன் இவ்வளவு பதறுகிறாய் என்றும் கேட்கிறார்கள். பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிட பெல்லெகிரினோ மலை ஏறுகிறோமே, அப்போது இந்தக் கேள்வி வருவதில்லை.

அக்ரிஜெந்தோவில் கொன்கோர்தியா என்ற கிரேக்கக் கோயில் ஏறக்குறைய முழுசாக நிற்கிறது. 597இல் அதைத் தேவாலயம் ஆக்கினார்கள், கும்பிட ஆட்கள் இருந்தார்கள், அதனால் நின்றது. ஆட்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு இருபது வருஷத்துக்கு மேல் யாரும் போக முடியவில்லை. போக விட்டபிறகு போனால் கூரை இல்லை, சுவாமி இல்லை, மூலஸ்தானத்துக்குள் பற்றை. அம்மா வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றினா. உள்ளே போய் நிலத்தில் நெற்றி முட்டக் கும்பிட்டா. அந்த நேரம் ஒருவன் சுவரில் ஏறி நின்று, இடிந்த கல் என்று வீடியோ எடுத்திருந்தால்?

அதை அழித்துவிடுங்கள் தம்பிமார். அடுத்த ஞாயிறு எனக்கு லீவு. என் காரிலேயே குசாவுக்குப் போவோம். அப்பா கை வைத்து நின்ற கல்லைக் காட்டுகிறேன்.