கொலை வழக்குக்குக் காலாவதி கிடையாது

2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கு, 20 ஆண்டு கடந்ததால் காலாவதியாகிவிட்டது என்று ஒரு தகவல் பரவுகிறது. தவறு. இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவு அந்த 20 ஆண்டு எல்லையை மற்றக் குற்றங்களுக்கே வைக்கிறது. கொலைக்குக் கால எல்லையே இல்லை.

மாணவர்கள் கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் படைத்தரப்பு முதலில் சொன்னது. பிணவறையில் எடுத்த படங்கள் தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின.

2019 ஜூலையில் சந்தேகநபர்கள் 13 பேரைப் போதிய சாட்சியமில்லை என்று விடுவித்தது நீதவான் நீதிமன்றம். கொலையை விசாரிக்கவேண்டிய மேல் நீதிமன்றத்துக்கு வழக்குப் போகவேயில்லை. சாட்சிகள் உயிரச்சத்தில் நாட்டைவிட்டுப் போனதே பெரிய இழப்பு. அவர்களின் வாக்குமூலத்தைப் பெற குற்றவியல் விடயங்களில் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவுவதற்கான 2002இன் 25ஆம் இலக்கப் பரஸ்பர உதவிச் சட்டம் உண்டு. கோரிக்கை நீதி அமைச்சின் செயலாளர் ஊடாக, சாட்சிகள் இருக்கும் நாட்டின் அரசுக்குப் போகவேண்டும். அதைக் கேட்டு வலியுறுத்துங்கள்.