ஆம், குதித்தோம்

சென்ற வாரக் கருத்தரங்கில் ஒரு பெரியவர் ஆற்றிய நிறைவுரையைப் பலரும் எனக்கு அனுப்பி வைத்தீர்கள். முன்வரிசையில் அமர்ந்து நானே கேட்டதுதான். சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகமாம். அதை நாங்கள் மாணவர்களோடு நடிப்புப் பட்டறை என்ற பெயரில் குதித்துக் காட்டுவது தமிழ்த்தொண்டு ஆகாதாம். அரங்கம் கைதட்டியது.

படிப்பதற்கென்றே எழுதப்பட்டதாக இருக்கட்டும். படித்தவர் யார்? 1891இல் வெளிவந்த அந்நூலின் பாயிரத்திலிருந்து எடுத்த தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 1970 முதல் அரசு விழாதோறும் எழுந்து நிற்கிறோம். அதற்கடுத்த பக்கத்தை மாணவியாக இருந்தவரை நானே புரட்டியதில்லை. இளங்கலையில், மன்னனை ஏமாற்றும் அமைச்சனைப் பற்றி "குடிலனின் பண்புநலன்களை விளக்குக" என்ற பத்து மதிப்பெண் வினாவுக்கு உரைநூலை மனப்பாடம் செய்து எட்டு வாங்கினேன். மூலநூலைத் தொடாமலேயே எட்டு!

எங்கள் பட்டறையில் மாணவர்கள், நாடகம் அமைந்திருக்கும் ஆசிரியப்பாவின் நாற்சீர் அடியை, சீருக்கு ஓர் எட்டு வைத்து நடந்தபடி சொன்னார்கள். ஓரடியை இருவர் பங்கிட்டுப் பேசும் இடத்தில், ஒருவர் விட்ட சீரை மற்றவர் உடனே எடுக்காவிட்டால் அடி உடைகிறது, தூக்கிய காலும் அந்தரத்தில் நிற்கிறது. யாப்பு வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதியும் நான் புரியவைக்க முடியாததை அவர்களின் கால்கள் அரைமணி நேரத்தில் புரிந்துகொண்டன. குதித்தோம் என்றால் இப்படித்தான் குதித்தோம்.

நாடகத்தில் மன்னனின் குருவான சுந்தர முனிவர் இரகசியமாக அமைக்கும் சுரங்கத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்திருந்தோம். குடிலனாக நின்றவள், வருகைப் பதிவின்போதுகூடத் தலையை மட்டும் அசைக்கிற மாணவி. சுரங்கத்தைப் பகைவனான சேர மன்னனுக்குக் காட்டிக்கொடுக்கும் இடத்தில் அவள் கோட்டின்மேல் கால் வைக்காமல் நின்றுவிட்டாள். காரணம் கேட்டேன். "இதுவரை பொய் சொல்லவாவது இவன் பக்கத்தில் மன்னர் இருந்தார், மேடம். இங்கே தனியாக இருக்கிறான்" என்றாள். என் எட்டு மதிப்பெண் விடையில் இது இல்லை.

உச்சரிப்பு சிதைகிறது என்பவர்களுக்கு: உண்மை. ழகரம் பல இடங்களில் தடுமாறியது. அது என் குறை, திருத்துகிறேன். ஒரு நாளில் முழு நாடகமும் வருமா என்பவர்களுக்கு: ஒரு பருவம் முழுதும் நடத்தியபோது வந்ததா? மேலைநாட்டுப் பயிற்சிமுறை என்று முகம் சுளிப்பவர்களுக்கு: நூலின் கதையே லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவியது. சுந்தரம் பிள்ளைக்கு ஒட்டாத தீட்டு எனக்கு ஒட்டுமா? போகட்டும், தெருக்கூத்து வாத்தியார் பாட்டையும் ஆட்ட அடவையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பது எந்த மேலைநாட்டில் கற்றது?

பெரியவர் என்னைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். எனக்கு இது பழக்கம். ஆனால் மாணவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். திரும்பும் வழியில் வண்டியில் யாரும் பேசவில்லை. இறங்கும்போது குடிலனாக நின்றவள் மட்டும், "நாம் குதித்தோமா, மேடம்?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வாரப் பயிற்சிக்கு அவள் வரவில்லை. காய்ச்சல் என்று தோழி சொன்னாள். குடிலனின் பகுதியை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.