"ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க் போட்டுக்கலாம் சார்"

வீட்டுக்கு சிசிடிவி மாட்டணும்னு வாயைத் திறந்தா போதும், ஆளாளுக்கு கேமராவைப் பத்தியே பேசுறாங்க. எத்தனை மெகாபிக்சல், ராத்திரியில கலரா தெரியுமா, ஆள் நடமாட்டம் இருந்தா மொபைலுக்கு அலர்ட் வருமா, மழையில நனைஞ்சா தாங்குமான்னு ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, "இதெல்லாம் எதுல பதிவாகும்?"னு கேட்டுப் பாருங்க. "அதுக்கு ஏதோ ஒரு ஹார்ட் டிஸ்க் போட்டுக்கலாம் சார்."

ஏதோ ஒண்ணாமே! ஐயா, நாளைக்கு ஒரு களவு போச்சுன்னா நான் போலீஸ்கிட்ட காட்டப்போறது உங்க லென்ஸையா? அந்த டிஸ்க்ல பதிவு இருந்தாத்தான் இவ்வளவு செலவுக்கும் அர்த்தம். இல்லேன்னா மூலைக்கு மூலை மாட்டியிருக்கிறது வெறும் அலங்காரம்.

அடுத்து நான் கேக்குறது ஒரே ஒரு கேள்வி. நாலு கேமரா, எத்தனை நாள் பதிவு நிக்கும்? ஒருத்தர் "ரெண்டு டிபி போட்டா ஒரு மாசம் தாராளமா வரும்"ங்கிறார். இன்னொருத்தர் "பதினஞ்சு நாள்"ங்கிறார். மூணாவது ஆள் "அது உங்க யூசேஜைப் பொறுத்தது சார்"னு நழுவிடுறார். வாயில வந்த நம்பரைச் சொல்றாங்களே தவிர, ஒருத்தராவது கால்குலேட்டரைக் கையில எடுத்தாரா? இத்தனைக்கும் இது பெருக்கல் தெரிஞ்ச எந்தப் பிள்ளையும் போடுற கணக்கு. கேமராப் படத்தை டிஸ்க்ல பதியுற பெட்டிதான் ரெக்கார்டர். அதோட மெனுவுல ஒவ்வொரு கேமராவுக்கும் பிட்ரேட்னு ஒரு எண் இருக்கும், நொடிக்கு எவ்வளவு தகவல் பதிவாகுதுன்னு சொல்றது. அது நொடிக்கு 4 மெகாபிட்னு வச்சுக்கோங்க. எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட், அதனால எட்டால வகுத்தா நொடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி. அப்போ ஒரு கேமரா ஒரு நாளைக்கு 43 ஜிபி தின்னும். நாலு கேமராவுக்கு 173 ஜிபி. ரெண்டு டெராபைட் (டிபி) டிஸ்க்கு, அதாவது 2000 ஜிபி, பதினொண்ணரை நாள்ல நிரம்பிடும். முப்பது நாள் வேணும்னா 5.2 டிபி வேணும், அதாவது கடையில 6 டிபி டிஸ்க் கேக்கணும். இதுல எங்கய்யா "தாராளமா ஒரு மாசம்" வந்துச்சு?

ஊருக்குப் போயிட்டு இருபது நாள் கழிச்சுத் திரும்பி வர்ற ஆளுக்கு, போன மறுநாள் நடந்த திருட்டு அந்த டிஸ்க்ல இருக்காது. அதுக்கு மேலேயே புதுப் பதிவு ஏறியிருக்கும். இதை விக்கும்போது சொல்ல வேண்டாமா?

கணக்கைக் காட்டினா உடனே ஒரு மந்திரம் சொல்வாங்க: "எச்.265 சார், பாதி இடம்தான் எடுக்கும்." எச்.265ங்கிறது படத்தைச் சுருக்கிப் பதியுற ஒரு முறை (கோடெக்), எச்.264-க்கு அடுத்து வந்தது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பிட்ரேட்டை 4 மெகாபிட்னு நிலையா கட்டி வச்சுட்டு, எச்.264-ஐ எச்.265-ஆ மாத்தினா டிஸ்க்ல ஒரு ஜிபி கூட மிச்சமாகாது. அதே இடத்துல படம் கொஞ்சம் தெளிவா வரும், அவ்வளவுதான். இடம் மிச்சமாகணும்னா பிட்ரேட்டையும் கையால இறக்கணும். மாட்டிட்டுப் போற ஆளு அதைத் தொட்டாரா? தொடவே இல்ல. கோடெக் பேரை மட்டும் மாத்திட்டு, "செட்டிங் பண்ணியாச்சு சார்"னு கை துடைச்சுட்டுக் கிளம்பிட்டார்.

"அசைவு இருந்தா மட்டும் ரெக்கார்டு பண்ற மாதிரி வச்சுடலாம்"னு இன்னொரு சமாதானம். சரி, வைங்க. ராத்திரியில கேமராவோட இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காக சிலந்தி வரும், சிலந்தி லென்ஸுக்கு முன்னாடியே வலை பின்னும். காத்துல அந்த வலை ஆடுறதை விடிய விடிய உயர்தரத்துல பதிவு பண்ணி வச்சிருக்கும் உங்க சிஸ்டம். எதிர்ல ஒரு மரம் இருந்துட்டா கேக்கவே வேண்டாம்.

இதெல்லாம் கூட மன்னிச்சுடலாம். எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் வேற.

எங்க வீட்டுல மாட்டின ஆள் சிஸ்டத்தோட சேர்த்து டிஸ்க்கும் அவரே கொண்டுவந்தார். கேமராவும் மொபைல் ஆப்பும் அருமையா ஓடிச்சு. எங்கிருந்து திறந்தாலும் வாசல் பளிச்சுன்னு தெரியும். ஒருநாள் வாசல்ல நிறுத்தியிருந்த வண்டியை யாரோ இடிச்சுட்டுப் போயிட்டாங்க. சரி, கேமரா எதுக்கு இருக்குன்னு பிளேபேக்கைத் திறந்தா, பதிவு இருக்கிற தேதிக்குக் குறி போட்டுக் காட்டுற நாள்காட்டி இருக்கே, அதுல அந்த மாசம் பூரா ஒரு குறி கூட இல்ல. டிஸ்க் எப்பவோ செத்துப்போச்சு. நேரலைப் படம் டிஸ்க் வழியா வர்றது இல்லையே, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்திருக்கு. பார்க்கிற எங்களுக்கு எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தோணிச்சு.

அந்த ரெக்கார்டருக்கு டிஸ்க் செத்தது தெரியாதா? நல்லாத் தெரியும். மெனுவுல எக்ஸெப்ஷன்னு ஒரு பக்கம் இருக்கு. டிஸ்க் எரர் வந்தா பீப் அடி, மொபைலுக்குத் தகவல் அனுப்புன்னு அங்க டிக் போடலாம். மாட்டின ஆள் அதையெல்லாம் எடுத்து விட்டிருந்தார். ஏன்னு கேட்டா, "சும்மா சும்மா பீப் அடிக்கும் சார், கஸ்டமர் போன் பண்ணித் தொல்லை பண்ணுவாங்க, அதனால எல்லா வீட்டுலயும் ஆஃப் பண்ணிடுவோம்." எல்லா வீட்டுலயும்! வாசல்ல பூனை நடந்தா என் மொபைலுக்கு அலர்ட் வருது. பதிவு பண்ற டிஸ்க்கு மொத்தமா படுத்துட்டா ஒரு சத்தமும் வராது. எவன் புத்தியில உதிச்ச ஏற்பாடு இது?

செத்த டிஸ்க்கைக் கழட்டிப் பார்த்தா, அது சாதாரண கம்ப்யூட்டருக்குப் போடுற டிஸ்க். "எல்லாம் ஒண்ணுதான் சார், ஸ்டிக்கர் கலர்தான் வேற"ங்கிறார். அப்படியா? தயாரிக்கிறவனே என்ன எழுதியிருக்கான்னு பாருங்க. சீகேட் பாரகுடா மாதிரி மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கோட டேட்டா ஷீட்டுல வருஷத்துக்கு 2400 மணி நேரம் ஓட்டம், 55 டெராபைட் வேலைன்னு (எழுதுறது, படிக்கிறது ரெண்டும் சேர்த்து) போட்டிருக்கு. 2400 மணி நேரம்னா முழுசா நூறு நாள். கேமரா சிஸ்டம் வருஷம் பூரா 8760 மணி நேரம் கண் மூடாம ஓடுது. மேல போட்ட நாலு கேமரா கணக்குல எழுதுறது மட்டுமே வருஷத்துக்கு 63 டெராபைட். ரெண்டு வரம்பும் தாண்டியாச்சு. கண்காணிப்புக்குன்னே வர்ற டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் ரெண்டுக்கும் 24 மணி நேர ஓட்டம், வருஷத்துக்கு 180 டெராபைட்னு எழுதியிருக்கான். ஸ்டிக்கர் கலராம்!

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. சாதாரண டிஸ்க் ஒரு இடம் கெட்டுப்போயிருந்தா, அதைப் படிச்சே தீருவேன்னு பல நொடி முட்டி மோதும். உங்க போட்டோவும் கணக்கு வழக்கும் இருக்கிற கம்ப்யூட்டர்ல அதுதான் நல்லது. ரெக்கார்டர்ல அப்படி நின்னா அந்த நேரத்துக்குள்ள வந்த காட்சி போச்சு. கண்காணிப்பு டிஸ்க்குல ஸ்ட்ரீமிங்குக்குன்னு தனிக் கட்டளை இருக்கு. ஒரு பிட் தப்பா இருந்தா இருக்கட்டும், நிக்காம அடுத்ததுக்குப் போன்னு ரெக்கார்டர் சொல்ல முடியும். படத்துல ஒரு புள்ளி கலங்கலா தெரிஞ்சா யாருக்கு என்ன? அஞ்சு நொடி காணாமப் போறதுதான் பிரச்சினை.

சரி, விவரம் தெரிஞ்சுக்கிட்டுக் கடைக்குப் போனா அங்க வேற கூத்து. போனதும் "ஏஐ டிஸ்க் வாங்கிக்குங்க சார், 550 டெராபைட் தாங்கும்"னு தலையில கட்டப் பாக்குறாங்க. நாலு கேமராவுக்கு எதுக்கு? எட்டு கேமரா இருந்தாலே வருஷத்துக்கு 126 டிபிதான், 180-க்குள்ள அடங்கிடும். "7200 ஆர்பிஎம், நல்ல ஸ்பீடு"ன்னு இன்னொரு ஆசை காட்டல், அதாவது டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துமாம். நாலு கேமரா சேர்ந்து எழுதுறதே நொடிக்கு ரெண்டு மெகாபைட். இன்னைக்கு விக்கிற எந்த டிஸ்க்கும் நூறுக்கு மேல எழுதும். சூடும் சத்தமும்தான் கூடும்.

அட்டையில எழுதியிருக்கிறதையாவது நம்பலாமான்னா, எம்டிபிஎஃப் (ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவுல சராசரி நேரம்) பத்து லட்சம் மணி நேரம்னு போடுறான். கணக்குப் பார்த்தா 114 வருஷம். வாரன்டி? மூணு வருஷம். அந்தப் பத்து லட்சம் ஒரு டிஸ்க்கோட ஆயுள் கிடையாது. ஆயிரம் டிஸ்க் ஒரு வருஷம் ஓடினா எட்டு ஒன்பது படுக்கும்னு அதுக்குப் பொருள். அப்படியே எழுதினா யாரும் வாங்க மாட்டாங்கன்னு பெரிய நம்பராப் போட்டு மிரட்டுறான்.

எஸ்எம்ஆர் விஷயத்துல பெரிய நிறுவனமே மூடி மறைச்சது. அந்த முறையில தடங்களை ஓட்டுக் கூரை மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி அடுக்குவாங்க. இடம் மிச்சம்தான், ஆனா நடுவுல ஒண்ணை மாத்தி எழுதணும்னா பக்கத்துல இருக்கிறதையும் எடுத்துத் திரும்ப எழுதணும். 2020 ஏப்ரல்ல, வெஸ்டர்ன் டிஜிட்டல், ஃபைல் சேமிக்கிற பெட்டிகளுக்குன்னு விக்கிற தன்னோட ரெட் வரிசையில 2 முதல் 6 டிபி வரைக்குமான டிஸ்க்குகள்ல இதைச் சொல்லாமலே புகுத்தினது வெளியில வந்துச்சு. அப்புறம்தான் எஸ்எம்ஆர் இருக்கிறது ரெட், இல்லாதது ரெட் பிளஸ்னு பேரைப் பிரிச்சாங்க. வீட்டு ரெக்கார்டர் வரிசையா எழுதிக்கிட்டே போறதால அங்க இது பெரிய அடி இல்லேன்னு வாதாடலாம். ஆனா நான் காசு குடுத்து வாங்குற பொருள் எப்படி வேலை செய்யுதுன்னு என்கிட்ட எதுக்கு மறைக்கணும்? அதைத்தான் கேக்குறேன்.

புதுசுன்னு சொல்றதே புதுசான்னும் பார்த்தாகணும். 2025 தொடக்கத்துல, டேட்டா சென்டர் வகை சீகேட் டிஸ்க்குகள் பல்லாயிரம் மணி நேரம் ஓடித் தேய்ஞ்ச பிறகு புதுசுன்னு கடைகள்ல வித்தது அம்பலமாச்சு. தாங்க அப்படி அனுப்பலேன்னு சீகேட் சொல்லிடுச்சு. ஓடின மணி நேரம் காட்டுற ஸ்மார்ட் கணக்கை யாரோ பூஜ்யமாக்கியிருந்தாங்க. டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிற ஃபார்ம்ங்கிற இன்னொரு பதிவை அழிக்காம விட்டதால மாட்டிக்கிட்டாங்க. வீட்டுல கேமரா மாட்டுற ஒரு மனுஷன் இவ்வளவு துப்பறியணுமா? திருடனைப் பிடிக்கத்தானே இதை வாங்குறோம்!

இவ்வளவும் பார்த்து 10 டிபி வாங்கிட்டு வந்தா, ரெக்கார்டர் ஒரு ஸ்லாட்டுக்கு 6 டிபி வரைக்கும்தான் ஏத்துக்கும்னு கையேட்டுல எங்கேயோ பொடி எழுத்துல இருந்தாலும் இருக்கும். வாங்குறதுக்கு முன்னாடி அதைத் தேடிப் பாருங்க. மெனுவுல ஓவர்ரைட் (டிஸ்க் நிரம்பினா பழைய பதிவு மேலேயே எழுதுறது) ஆன்ல இருக்கான்னும் பாருங்க. ஆஃப்ல இருந்தா நிரம்பின அன்னிக்கே பதிவு நின்னுடும். ரெக்கார்டரைக் காத்துப் புகாத அலமாரிக்குள்ள அடைச்சுட்டு "அழகா இருக்கு"ன்னு சொல்ற ஆளை மட்டும் திரும்பக் கூப்பிடாதீங்க. அதுல பல பெட்டிக்கு ஃபேன் கூடக் கிடையாது.

கடைசியா வாரன்டி. செத்த டிஸ்க்கைக் குடுத்தா வேற தர்றோம்னாங்க, நியாயம்தான். ஆனா அந்த டிஸ்க்ல எங்க வீட்டு ஆளுங்க எப்போ வர்றாங்க, எப்போ போறாங்க, எந்த நேரம் வீடு பூட்டிக் கிடக்குன்னு எல்லாம் இருக்கு. அழிச்சுட்டுத் தரலாம்னா ஓடாத டிஸ்க்கை எப்படி அழிக்கிறது? உடைச்சா வாரன்டி போச்சு. "உள்ள இருக்கிற பதிவை என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். "அது கம்பெனிக்குப் போயிடும் சார்." கம்பெனிக்குப் போய்? "அது நமக்குத் தெரியாது சார்." தராம எடுத்துட்டு வந்துட்டேன். புது டிஸ்க்கை முழுக்காசு குடுத்து வாங்கினேன்.