நான்கு பேர் குழுவே போதும்

வகுப்பில் குழுச் செயல்பாடு வைத்தாலே பிள்ளைகளுக்கு ஆர்வம் வந்துவிடும் என்று சொல்கிறார்கள். அது மட்டும் போதாது. 'எண்ணும் எழுத்தும்' (தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் அடிப்படைக் கற்றல் திட்டம்) வகுப்பில் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்து உட்கார வைத்தாலும், ஒரு குழுவில் எட்டுப் பேர் இருந்தால் இரண்டு பேர்தான் பொருளைத் தொடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

கணக்கில் இடமதிப்பு (ஒன்றுகள், பத்துகள்) சொல்லிக்கொடுக்க நான்கு பேருக்கு 50 ஈர்க்குச்சி, 5 ரப்பர் பேண்ட் போதும். கட்டிக் கொடுத்துவிடாதீர்கள், பத்து எண்ணிக் கட்டுவதில்தான் பாடமே இருக்கிறது. 34-இல் 8 போகும்போது நான்கு உதிரி பத்தாது, ஒரு பத்துக் கட்டை அவிழ்த்தாக வேண்டும். அதைப் பிள்ளையே அவிழ்க்கட்டும். ஆசிரியர் அவிழ்த்துக் காட்டினால் 'கடன் வாங்குவது' வெறும் மனப்பாடம்தான்.

அரும்பு நிலைப் பிள்ளைக்கு 20-க்குள் எண் கொடுங்கள். முதல் விடை சரியாக வந்தால்தான் அடுத்த கணக்குக்குக் கை நீட்டும்.